அம்மா அழுத இடம்

கல்யாண வீடியோ எடுப்பவன் எந்தப் படத்தையும் நம்ப மாட்டான். தாலி கட்டும்போது பெண்ணின் தாய் கலங்குவதாக நாங்கள் காட்டும் கண்ணீரில் பாதி, அரை மணி நேரம் முன்பே ஓமப் புகையில் வந்தது. தலத்தெரு, திருநள்ளாறு என்று ஊர் ஊராக இருபது வருடமாக இந்தத் திருட்டைச் செய்கிறவன் நான். அதனால் ராக் கச்சேரிப் படம் எதைப் பார்த்தாலும் என் கண் மேடைக்குப் போகாது. கூட்டத்தில் ஒரு பெண் கண்ணை மூடி உருகுகிறாளே, அது இந்தப் பாட்டுக்குத்தானா என்று துருவிக்கொண்டே இருப்பேன். ஆனாலும் அந்த முகம் இல்லாவிட்டால் படத்தை ஐந்து நிமிடம் பார்க்க முடியாது.

என் மகள் கல்லூரித் தோழிகளோடு கிட்டார் வாசித்த முதல் கச்சேரியை நானே படம் எடுத்தேன். என் மனைவிக்கு அந்தக் கிட்டாரே ஆகாது. படிப்பைக் கெடுக்க வந்த சனியன் என்பாள். கச்சேரிக்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தாள். என் படத்திலோ, மகள் தானே எழுதிய கடைசிப் பாட்டைப் பாடும்போது அம்மா முந்தானையால் கண்ணைத் துடைக்கிறாள். அதைப் பார்த்த அன்று மகளுக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளே அவள் முகம் மாறிவிட்டது. என் மகள் அல்லவா, அவளும் துருவத் தொடங்கிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் கம்ப்யூட்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கடைசிப் பாட்டின்போது அம்மாவுக்குப் பக்கத்தில் சித்தி இருந்தாராம். அழும் காட்சியில் அந்த நாற்காலி காலி.

"நெசத்த சொல்லுங்கப்பா. அம்மா எந்தப் பாட்டுக்கு அழுதாங்க?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. எந்தப் பாட்டுக்கும் இல்லை என்று ஒப்புக்கொண்டு, வெட்டாத பதிவைப் போட்டேன். இரண்டாவது பாட்டின் நடுவில் கிட்டார் கம்பி அறுந்தது. டிரம்ஸ் நின்றது. பின்னால் யாரோ சிரித்தார்கள். மகள் தலை குனிந்து நிற்க, அம்மா நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, மேடைக்கு ஓடுவதா வேண்டாமா என்று தெரியாமல் அப்படியே நின்று அழுதாள். மகள் புதுக் கம்பி மாட்டி மறுபடி வாசிக்கத் தொடங்கிய பிறகுதான் அம்மா உட்கார்ந்து கண்ணைத் துடைத்தாள். நான் திருடியது அந்தத் துடைப்பை மட்டும். மற்றதையெல்லாம் வெட்டி எறிந்திருந்தேன். கல்யாண வீடியோவில் விளக்கு அணைந்தால் வைப்போமா?

மகள் மூன்று முறை பார்த்தாள். சித்தியின் காலி நாற்காலியை அப்புறம் அவள் கவனிக்கவே இல்லை.

"கம்பி அறுந்ததையும் வைங்கப்பா. அம்மா எழுந்திரிக்கிறதையும் அங்கயே வைங்க."

வைத்தேன். கண்ணில் தூசி விழுந்தது என்றுதான் அவள் அம்மா இன்றைக்கும் சொல்கிறாள். அதை நம்ப எங்கள் வீட்டில் ஆள் இல்லை.