பக்கத்து இடத்தில் ஒரு பை

எட்டாவது வரை படித்தவள் பயணக் குறிப்பு எழுத வந்துவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஊர் தாண்டிப் போன பயணமும் இல்லை இது.

சேலம் பழைய பஸ் நிலையத்தில் அயோத்தியாப்பட்டணம் டவுன் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறேன். பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. ஞாயிறுதோறும் கடைசி ஸ்டாப் வரை போய், தட்டுவடை செட் தின்றுவிட்டு, அதே பஸ்ஸில் திரும்புவேன். சொந்த ஊரில் இப்படி ஒரு சந்தோஷம் இருப்பதை ஐம்பது வயதில்தான் கண்டுபிடித்தேன்.

இன்று பக்கத்து இடத்தில் பையை வைத்திருக்கிறேன். என் கணவர் லாரி டிரைவர். இருபது நாள் கழித்து வீட்டுக்கு வந்திருக்கிறார். என்னோடு வரச் சொல்லிக் காலையில் கூப்பிட்டேன்.

"ரோட்டுலயே கெடக்கறவனை டவுன் பஸ்ல ஏறச் சொல்றியா?" என்று சிரித்தார். பிறகு, "பாக்கலாம்" என்றார்.

ஸ்டியரிங் பிடிக்காமல், ஜன்னலோரம் உட்கார்ந்து அவர் வேடிக்கை பார்ப்பதை நான் ஒருமுறை பார்க்க வேண்டும்.

காலிக் கூடையோடு ஒரு கீரைக்கார அம்மா ஏறுகிறார்.

"இங்க ஆள் வருதா?"

"எங்க ஊட்டுக்காரரு வர்றாருங்க."

"எங்க, விசேஷத்துக்கா?"

"சும்மாதாங்க. போயிட்டுத் திரும்பறதுக்கு."

"சும்மா போறதுக்கு எந்த ஆம்பள கூட வருவான்? வரலைன்னா சொல்லு, அதுவரைக்கும் நின்னுக்கறேன்."

பஸ் கிளம்புகிறது. நிலையத்தை விட்டு வெளியே வரும்வரை வாசலையே பார்க்கிறேன். பிறகு பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன். அந்த அம்மா கூடையைக் காலடியில் வைத்துவிட்டு உட்காருகிறார்.

மறுநாள் காலையில் என் கணவர் சங்ககிரிக்குப் போய் லாரியை எடுத்தார். நாசிக் லோடு.