உட்கார்ந்து ஆடியவர்

மாற்றுத்திறனாளிகளின் விளையாட்டு அனுபவங்களை ஆராய ஓசூருக்குப் போயிருந்தேன். தரையில் உட்கார்ந்தபடியே வாலிபால் ஆடும் அணியில் அவர் இருந்தார். கம்பெனி நீலச் சட்டை, மண்ணேறிய உள்ளங்கை. ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் தரையை ஒருமுறை தட்டிக்கொள்வார்.

“இந்த ஆட்டம் உங்களுக்கு என்ன தருது?” என்று கேட்டுப் பதிவு செய்தேன்.

“எந்திரிச்சு நின்னா எவனும் நம்மளக் கண்டுக்க மாட்டான் சார். இங்க உக்காந்தா பேரச் சொல்லிக் கத்தறாங்க.”

பேட்டி முடிந்ததும் எழுந்தார். சாதாரணமாக நடந்துபோய் பைக்கை உதைத்துக் கிளப்பினார்.

“கால்ல ஒண்ணும் இல்லையா?” என்றேன், திகைத்துப்போய்.

“நல்லாத்தான் இருக்குதுங்க. டீமுக்கு ஆள் பத்தலைன்னா வந்து உக்காருவேன். ஆனா சொன்னது நெசந்தாங்க.”

ஷிப்டுக்குப் போய்விட்டார். அவர் எழுந்ததை மட்டும் நான் பார்க்காமல் இருந்திருந்தால், ‘எந்திரிச்சு நின்னா’ என்று அவர் சொன்ன அந்த வரியில்தான் என் ஆய்வே தொடங்கியிருக்கும். இப்போது அதைச் சேர்க்கவும் முடியவில்லை, அழிக்கவும் மனமில்லை. வரி அதேதானே?