சாவோல்

லண்டனில் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை, ஒரு நாளைக்குப் பத்துப் பேராவது என் முகத்தைப் பார்த்துச் சிரித்து, "சாவோல்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தைத்த பாவாடையை மடித்துக் கையில் கொடுத்தால் சாவோல். கதவைத் திறந்து பிடித்தால் சாவோல். தேநீர்க் கோப்பையை நகர்த்தி வைத்தால் அதற்கும் சாவோல். நெஞ்சில் கைவைத்து, தலையைச் சற்றுச் சாய்த்து, அன்பொழுக வேறு சொல்வார்கள். விளக்கை அணை என்று சொல்வதே அபசகுனம் என்று, "நூர்த்துவிடு" என்று சொல்லி வளர்த்த வீட்டுப் பிள்ளை நான். வெள்ளிக்கிழமையும் அதுவுமாக ஒரு மனுசி என்னைச் சாகச் சொல்லிச் சிரித்தால் எப்படி இருக்கும்? பொறுக்க முடியாமல் கடைக்காரி நுர்ஹானிடம் கேட்டேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். துருக்கி மொழியில் ‘சா’ என்றால் உயிரோடு, சுகமாக. ‘ஓல்’ என்றால் இரு. நன்றி சொல்வதற்குப் பதிலாகச் சுகமாக இரு என்கிறார்களாம்.

"உங்கட பாஷையில சா எண்டா என்ன?" என்று கேட்டாள். சொன்னேன். அவளுடைய சிரிப்பு நின்றுவிட்டது.

அவள் பெயரிலும் இதே வம்புதான். நுர் என்றால் அவர்களுக்கு வெளிச்சம். எங்களுக்கு நூர்ப்பது என்றால் வெளிச்சத்தை இல்லாமல் செய்வது. இப்படி ஒன்றுக்கொன்று தலைகீழான இரண்டு பேரும் சேர்ந்து எப்படி வேலை செய்தோம் என்றால், ஜெர்மன் மொழியில். நான் டோர்ட்முண்டில் பதினேழு வருடம் இருந்துவிட்டு, பிள்ளைகள் ஆங்கிலம் படிக்கவேண்டும் என்று எல்லோரையும் போல லண்டனுக்கு வந்து செவன் கிங்ஸில் குடியேறியவள். அவள் கொலோனில் பிறந்து, கலியாணம் முடித்து லண்டனுக்கு வந்தவள். ஆங்கிலம் இரண்டு பேருக்கும் இரவல் செருப்பு. ஈஸ்ட் ஹாம் முழுக்கச் சட்டை தைக்கிற கடை இருக்க, இரண்டு ரயில் மாறித் துருக்கிக்காரியிடம் ஏன் போகிறாய் என்று சனம் கேட்டது. அங்கே எனக்கு வாய் இருந்தது, அதுதான் காரணம். நுர்ஹான் என்னைவிட ஆறு வயது இளையவள். என்னை ‘அப்லா’ என்று கூப்பிடுவாள். அக்கா என்று அர்த்தம். நாங்கள் பேசிய ஜெர்மனை இங்கே எங்கள் ஊர்த் தமிழில்தான் எழுதுகிறேன். என் காதில் அது அப்படித்தான் கேட்டது.

கிரீன் லேன்ஸில் இருந்த அந்தக் கடையின் வேலை, விழாக்களுக்கு உடுப்புத் தைப்பது. துருக்கியரின் வருடத்தை நான் காலண்டரில் அல்ல, துணியில் படித்தேன். மார்ச் மாதத்தில் நெவ்ரூஸ், நெருப்பு மூட்டித் தாண்டுகிற வசந்த விழா. துருக்கியர் ஒரு மண்டபத்தில், குர்தியர் ஒரு பூங்காவில் என்று ஒரே நெருப்பை இரண்டு இடத்தில் மூட்டுவார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. எங்கள் சங்கங்களும் ஒரே பொங்கலை மூன்று மண்டபத்தில் பொங்குகிறவைதானே. ஏப்ரல் இருபத்திமூன்று சிறுவர் விழா. மே தொடக்கத்தில் ஹிதிரெல்லெஸ் என்று ரோசாச் செடிக்கு ஒரு விழா. மே பத்தொன்பது இளைஞர் விழா. கோடையில் பூங்காவில் பாட்டும் கூத்தும், நோன்பு முடிய இனிப்புப் பெருநாள், ஒக்டோபரில் குடியரசு நாள், குளிருக்குள் நாடகமும் படவிழாவும். ஒன்றின் நூல் வெட்டி முடியுமுன் அடுத்ததற்கு அளவு எடுக்க ஆட்கள் வந்துவிடுவார்கள். முதல் வருடம் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. 2009இல் வயிற்றெரிச்சலாக இருந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது, பொறாமைதான்.

என் தங்கை வதனி கிளிநொச்சியில் முன்பள்ளி ஆசிரியை. கலியாணம் வேண்டாம் என்று நின்றவள், வருடத்துக்கு முப்பது பிள்ளைகளுக்குத் தாய். சமாதான காலத்தில் அவளுடைய கலைவிழாக்களுக்கு நான் டோர்ட்முண்டிலிருந்து லேஸும் சமிக்கியும் பார்சலில் அனுப்புவேன். கிடைத்ததும் நன்றி சொல்ல மாட்டாள், குறைதான் சொல்வாள். "மயிலுக்குப் பச்சை காணாதக்கா. ரெண்டு மயில் கூடிப்போச்சு" என்பாள். 2009 ஜனவரியில் கடைசியாகப் போன் எடுத்தபோதும் அதே குரல், பின்னால் மட்டும் வேறு சத்தம். "சத்தம் கேக்குதோ? பிள்ளையளைப் பங்கருக்க இறக்கவேணும். வையக்கா, பேந்து எடுக்கிறன்" என்றாள். பேந்து என்றால் பிறகு. யாழ்ப்பாணத்தார் பத்து நிமிடத்துக்கும் அதைத்தான் சொல்வோம், பத்து வருடத்துக்கும் அதைத்தான் சொல்வோம். பெப்ரவரி போனது, மார்ச் போனது. நெவ்ரூஸ் நெருப்பு நூர்ந்து சாம்பலை அள்ளியும் ஆயிற்று. அந்தப் பேந்து வரவில்லை.

ஏப்ரலில் சிறுவர் விழாவுக்கு அறுபது பிள்ளைகளின் உடுப்பு வந்தது. எல்லாம் கையகல இடுப்புகள். பகலில் அவற்றுக்கு மணி கோத்துவிட்டு வீட்டுக்குப் போனால், தொலைக்காட்சியில் எங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். ஒவ்வொரு முகமாக வதனியைத் தேடுவேன். லீவு நாட்களில் அயலட்டைச் சனத்தோடு பாராளுமன்றத்துக்கு முன்னால் போய் நின்றேன். பறை அடித்தார்கள், கத்தினோம். தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்கார அம்மா என் கையைத் தொட்டு, இது என்ன விழா, மேளம் அருமையாக இருக்கிறதே என்று ஆங்கிலத்தில் கேட்டார். விழா இல்லை, என் தங்கை அங்கே என்று சொல்ல வந்தேன். வாயில் ஜெர்மனும் தமிழும்தான் வந்தன. "சிஸ்டர், சிஸ்டர்" என்றேன். "ஓ, லவ்லி" என்று என் பக்கத்தில் நின்ற பெண்ணைப் பார்த்துச் சிரித்துவிட்டு, எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து ஒரு படம் எடுத்துக்கொண்டு போனார். அடுத்த நாள் தையல் மெசினில் உட்கார்ந்தபோது, அவர் மேல் வந்த கோபத்தை அறுபது குட்டிச் சட்டைகளின் மேல் காட்டினேன். இரண்டு ஊசி முறிந்தது.

மே ஐந்தாம் தேதி பின்னேரம் நுர்ஹான் கடைக்குப் பின்னால் இருந்த ரோசாச் செடிக்கு என்னைக் கூட்டிப்போனாள். வேண்டுதலை எழுதிச் செடியில் கட்டவேண்டும், விடிந்ததும் ஓடுகிற தண்ணீரில் விடவேண்டும், அதுதான் ஹிதிரெல்லெஸ். துருக்கி மொழியில் எழுதினால்தான் பலிக்குமோ என்று கேட்டேன். "ரோசா எல்லாப் பாஷையும் வாசிக்கும் அப்லா" என்றாள். வதனி என்று மட்டும் எழுதிக் கட்டினேன். கோயிலில் அர்ச்சனைத் துண்டு எழுதுவது போலப் பெயரோடு நட்சத்திரத்தையும் சேர்த்திருக்கலாம் என்று ரயிலில் வரும்போது தோன்றியது. எங்களுக்கு நம்பிக்கை வருகிறதோ இல்லையோ, விதிமுறை மறக்காது.

இரண்டு கிழமைக்குள் வன்னியில் போர் முடிந்துவிட்டது என்று வானொலி சொன்னது. இளைஞர் விழாவுக்கான வெள்ளைச் சட்டைகளுக்கு நாங்கள் பொத்தான் வைத்துக்கொண்டிருந்த நாள். நான் நிமிரவில்லை. நுர்ஹான் எனக்கு எதிரே வந்து குந்தியிருந்தாள். எதற்கும் ஒரு வாழ்த்து வைத்திருக்கிற இனம் அது. முடி வெட்டினால் ஒன்று, குளித்து வந்தால் ஒன்று, புதுச் சட்டைக்கு ஒன்று. அன்றைக்குத்தான் அவளுக்கு வார்த்தை தட்டுப்பாடாகிவிட்டது.

"அப்லா, எனக்குத் தெரியேல்லை" என்றாள். "வருத்தம், துன்பம் எண்டா ‘கெச்மிஷ் ஓல்சுன்’ எண்டு சொல்லுவம், கடந்து போகட்டும் எண்டு. செத்தவீடு எண்டா ‘பாஷின் சா ஓல்சுன்’, உன்ர தலை சுகமா இருக்கட்டும் எண்டு. உனக்கு நான் எதைச் சொல்ல?"

"ஒண்டும் சொல்லாத. பொத்தானைத் தா."

அவள் கெட்டதாக ஒன்றும் கேட்கவில்லை. நான் நாலு மாதமாக என்னையே கேட்டுக்கொண்டிருந்ததைத்தான் அவள் கேட்டாள். ஆனால் அன்று பின்னேரம் சட்டைகளை எடுக்க வந்த இளம்பிள்ளைகள் வரிசையாக என்னிடம் சாவோல், சாவோல் என்று சொன்னபோது, எனக்கு அது தமிழில்தான் கேட்டது.

ஓகஸ்டில் வவுனியாவிலிருந்து முன்பின் தெரியாத ஒரு பெண் எடுத்தாள். முகாமில் வதனி என்று ஒரு ரீச்சர் இருக்கிறா, இந்த நம்பரைத் தந்தவ என்றாள். குரலைக் கேட்கவேண்டும் என்று நான் கத்துவதற்குள் லைன் அறுந்தது. வன்னியில் வதனி என்று எத்தனை ரீச்சர் இருப்பார்கள்! சந்தோசப்பட்டுவிட்டுப் பிறகு இல்லை என்று ஆனால் என் உடம்பு தாங்காது என்று, சந்தோசப்படாமலே இருந்தேன். இனிப்புப் பெருநாளுக்கு நுர்ஹான் தந்த பக்லாவாவையும் தொடவில்லை. கண்ணால் பார்க்காமல் நம்புவதில்லை என்று ஒக்டோபரில் கொழும்புக்கு டிக்கெட் போட்டேன்.

பயணம் சொல்லப் பெட்டியோடு கடைக்குப் போனேன். அங்கிருந்து நடந்தால் மேனர் ஹவுஸ், பிக்காடில்லி லைன் நேரே ஹீத்ரோவுக்குப் போகும். குடியரசு நாளுக்கான சிவப்புத் துணி மேசை முழுக்கக் கிடந்தது. நுர்ஹான் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் கொஞ்சினாள். நான் பெட்டியை இழுத்துக்கொண்டு பத்தடி போயிருப்பேன், பின்னால் சளார் என்று சத்தம். திரும்பிப் பார்த்தால், கையில் வெறும் ஜக்கோடு அவள் நிற்கிறாள். நான் நடந்த தடம் முழுக்கத் தண்ணீர்.

எங்கள் ஊரில் பிரேதம் வாசல் படலையைத் தாண்டியதும் வீட்டைக் கழுவித் தண்ணீர் ஊற்றுவார்கள். உயிரோடு பயணம் போகிறவர் பின்னால் எவரும் ஊற்றமாட்டார்கள். என் தலைக்குள் ஏதோ வெடித்தது. "என்ன வேலையடி செய்தனீ? ஆரடி இப்ப செத்தது?" என்று நடுத்தெருவில் தமிழில் கத்தினேன். அவள் பயந்து துருக்கியில் ஏதோ சொன்னாள். அந்த நேரம் பார்த்து இரண்டு பேருக்கும் ஜெர்மன் மறந்துபோனது. ரொட்டிக் கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார். நான் போய்விட்டேன்.

விமான நிலையத்தில் அவளுடைய மெசேஜ் வந்தது, ஜெர்மனில். பயணம் போகிறவர் பின்னால் அவர்கள் தண்ணீர் ஊற்றுவார்களாம். தண்ணீர் போலத் தடையில்லாமல் போய், தண்ணீர் போலத் திரும்பி வா என்று அர்த்தமாம். புத்திக்கு விளங்கியது, மனம் ஒப்பவில்லை. பதில் போடாமல் போனை நூர்த்தேன்.

கொழும்பில் அனுமதிக் கடிதத்துக்குப் பதினொரு நாள் காத்திருந்து, வவுனியா முகாமுக்குப் போனேன். பார்வையாளருக்கென்று இரண்டு முள்கம்பி வேலி, நடுவில் இரண்டு கையையும் விரித்த அளவு ஒரு பாகம் இடைவெளி, இரண்டு பக்கமும் சனம் ஒரே நேரத்தில் கத்திப் பேசுகிறது. எதிர்ப்பக்கம் ஒரு ஒல்லிப் பெண் எல்லோரையும் விலக்கிக்கொண்டு வந்து நின்றாள். தலைமயிர் கட்டையாக வெட்டியிருந்தது. நான் அடையாளம் காணவில்லை, சொந்தத் தங்கையை. அவள் வாயைத் திறந்ததும்தான் கண்டேன்.

"பேந்து எடுக்கிறன் எண்டு சொன்னனான் அக்கா. ஏலாமப் போச்சு."

அழுவதற்கு நேரம் இல்லை, பத்து நிமிடம்தான். பிள்ளைகளைப் பற்றி நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. முப்பது பேரின் பெயரும் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அந்த வேலிக்குள் நின்றன. பேசாமல் நிற்கவும் முடியாமல், பைத்தியக்காரி போல நான் சாவோல் கதையைச் சொன்னேன், தண்ணீர்க் கதையையும் சொன்னேன். வதனி சிரித்தாள். பல் ஒன்று போயிருந்தது.

"அந்த மனுசி பாவம். திரும்பி வா எண்டுதானே ஊத்தினவ, நீ சண்டை பிடிச்சிட்டு வந்திருக்கிறாய். போன உடன அவவுக்குச் சாவோல் எண்டு சொல்லு, என்ன?"

"ஓம்."

நேரம் முடிந்தது என்று விசில் ஊதினார்கள். சனத்தோடு சனமாக நான் நடந்தேன். பின்னால், எத்தனையோ குரல்களுக்கு நடுவே, சளார் என்று ஒரு சின்னச் சத்தம். அவள் கையில் ஒரு பிளாஸ்டிக் போத்தல் இருந்ததை நான் கண்டிருந்தேன். விடிய எழும்பி வரிசையில் நின்று பிடித்த தண்ணீர் என்று சொல்லியிருந்தாள். திரும்பிப் பார்க்கக் கழுத்து வந்தது. பாடை தூக்கியவர்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது எங்கள் முறை. திரும்பிப் பார்த்தால் எந்த முறை பலிக்கும் என்று தெரியாமல், நேரே பார்த்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன்.

லண்டனுக்கு வந்த அடுத்த நாளே கடைக்குப் போனேன். நாடகவிழாவுக்கு ஒரு ராஜாவின் அங்கி தைத்துக்கொண்டிருந்தாள் நுர்ஹான். நெஞ்சில் கைவைத்து, "சாவோல்" என்றேன். அவள் அழுதாள். நான், ‘வதனி இருந்தாள்’ என்றேன். ‘இருக்கிறாள்’ என்றேன். ஜெர்மனில் காலம் மாறிமாறி வந்தது.

போன கிழமை வதனி யாருடைய போனிலோ இருந்து எடுத்தாள். கடை வாசலில் சின்ன மழை பெய்துகொண்டிருந்தது. அன்றைக்கு நான் கோபித்துக்கொண்டு போன நடைபாதை நனைந்து கிடந்தது. இங்கே ஒருத்தி ஊற்றினாள், நான் சொல்லிவைத்தது போலத் திரும்பி வந்துவிட்டேன். அங்கே ஒருத்தி தன் ஒரு நாள் தண்ணீரை ஊற்றினாள். அந்தச் செம்மண் அப்போதே குடித்திருக்கும்.

"தண்ணி ஊத்தினனான், ஞாபகம் இருக்கோ? எப்ப அக்கா திரும்பி வாறாய்?" என்றாள்.

உள்ளே இருந்து நுர்ஹான் அளவு நாடாவோடு கூப்பிட்டாள். அடுத்த நெவ்ரூஸுக்கு ஆட்கள் வந்துவிட்டார்களாம்.

"வை வதனி," என்றேன், "பேந்து வாறன்." சொல்லி வைத்த பிறகுதான் அந்தச் சொல் என் காதில் விழுந்தது.