உள்ளே நின்று கட்டிய மேஸ்திரி

இந்த ஊரில் கரண்டி பிடித்த கொத்தனார் அத்தனை பேரிடமும் நான் வேலை வாங்கியிருக்கிறேன். ஒரு சுவரைத் தட்டிப் பார்த்தே, அதைக் கட்டியவர் அன்று காலையில் பெண்டாட்டியோடு சண்டை போட்டாரா என்று சொல்லிவிடுவேன். கொஞ்சம் கூடுதலாகத்தான் சொல்கிறேன், ஒப்புக்கொள்கிறேன். சண்டை நடந்ததா என்பது வரைக்கும்தான் தெரியும். ஜெயித்தது யார் என்று தெரியாது.

எங்கள் மேஸ்திரி விஷயத்தில் அந்தக் கூடுதலுக்கெல்லாம் அவசியமே இல்லை. அவர் அப்படியே ஒரு கட்டுக்கதை.

என் வீட்டுக்காரர் மாடிப்படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் படி என்ற ஒன்றை இனி ஏறெடுத்தும் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் பாத்ரூம் மாடியில். கீழே ஒன்று கட்டினால் அவர் வீட்டுக்கு வரலாம். கட்டாவிட்டால் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அவருடைய அக்கா வீட்டுக்கு. என் நாத்தனார் அங்கே கட்டில் போட்டு, தலையணைக்குப் புது உறையும் தைத்து வைத்துவிட்டார். அந்த அம்மாளின் கைச்சமையலுக்குப் பழகியவர்கள் சொந்த வீட்டு விலாசத்தை மறந்துவிடுவார்கள். எனக்கு என் வீட்டுக்காரர் என் வீட்டில் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஆகவே கொத்தனார் வேட்டையில் இறங்கினேன். முதலில் வந்தவர் வீட்டைச் சுற்றிப் பார்த்து, "இதை எவன் கட்டினான்?" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டுவிட்டுப் போனார், திரும்பவில்லை. அடுத்தவர் தன் அளவு டேப்பை எங்கள் மேஜைமேல் வைத்து, "இது இங்கயே இருக்கட்டும், காலைல வந்துடறேன்" என்றார். அந்த டேப் இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. பேத்தியின் உயரத்தை அதில்தான் அளக்கிறோம். இன்னொருவரைப் போனில் பிடித்தால், "தெருமுனையில திரும்பிட்டேம்மா" என்பார். அவர் திரும்பிய தெருமுனை எந்த நாட்டில் இருந்ததோ.

எதிர்வீட்டுக்காரி என் நிலையைப் பார்த்துவிட்டு, "சொன்ன நேரத்துக்கு வர்ற மேஸ்திரி ஒருத்தர் இருக்கார். ஆனா நல்லா யோசிச்சுக்குங்க" என்றாள்.

"வர்றவரைக் கூப்பிட என்ன யோசனை?"

"எங்க வீட்ல வேலை முடிஞ்சும் வந்துக்கிட்டே இருந்தார். முடிஞ்சுடுச்சுன்னு யாரும் சொல்லலையாம். கடைசில நாங்கதான் ஊருக்குப் போயிட்டோம்."

எனக்குக் காதில் தேன் வார்த்தது போல இருந்தது. அன்றே அவர் வீட்டைத் தேடிப் போனேன். நூல் பிடித்தாற்போல நேரான, மாடி வைத்த வீடு. மாடிக்கு மட்டும் படி இல்லை. வாசலில் நின்ற அவர் மனைவியிடம் கேட்டேன்.

"படி வெக்கிறேன்னு சொன்ன இரும்புப் பட்டறைக்காரர் வரலைங்க. வராதவனுக்காக வேலை நிக்கக் கூடாதுன்னு இவர் மாடியைக் கட்டி முடிச்சிட்டார். பெயின்ட்கூட அடிச்சாச்சு."

"மேல யாரு இருக்கா?"

"யாரும் போனதில்லைங்க. பாத்தவங்க நல்லாருக்குன்னு சொல்றாங்க."

எப்படிப்பட்டவர் என்று இன்னும் கொஞ்சம் கிண்டினேன். "கல்யாணத்தன்னிக்கும் பாதி நாள் வேலைக்குப் போயிட்டுத்தான் வந்தார். என்கிட்ட பேசின முதல் பேச்சே, 'ஈரச் சுவர், சாயாதே'தான்" என்றாள். இதற்குமேல் என்ன நற்சான்று வேண்டும்? கையோடு பேசி முடித்துவிட்டேன்.

மறுநாள் நான் கண் விழிப்பதற்குள் வாசலில் "வந்துட்டேம்மா" என்று குரல். ஒல்லியான உடம்பு, காதில் பென்சில், கையில் தூக்குக்குண்டு. பல் விளக்குவதற்கு முன் ஒரு கொத்தனாரைப் பார்த்ததில் எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

சமையலறைக்குப் பின்னால் மூன்று பக்கச் சுவரும் கூரையும் உள்ள ஓர் ஒதுக்கம் இருந்தது. ஓட்டை வாளிகளும் ஒரு சைக்கிளும் அங்கே குடியிருந்தன. நான்காவது சுவரை எழுப்பி, சக்கர நாற்காலி நுழைகிற அளவுக்கு அகலமான கதவு வைத்துவிட்டால் பாத்ரூம் தயார். குழாய்க்காரர் வந்து குழாயெல்லாம் பதித்துவிட்டுப் போனார். கதவுக்கு நிலை செய்து தருவதாகச் சொன்ன தச்சர் மட்டும், "நாளைக்கு" என்றார். கேட்கும்போதெல்லாம் அதே நாளைக்குத்தான்.

ஒருநாள் ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போய்விட்டுச் சாயங்காலம் திரும்பினேன். சுவர் முழுதாக எழும்பிக் கூரையைத் தொட்டு நின்றது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. மேஸ்திரியின் செருப்பும் டிபன் பாக்ஸும் வெளியே கிடந்தன. ஆளைக் காணோம்.

"அம்மா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி" என்று சுவருக்குள்ளிருந்து குரல் வந்தது.

உயரத்தில் ஒரு சின்ன ஜன்னல். ஜன்னல்காரர் ஒழுங்காகக் கொண்டுவந்து கொடுத்துவிட்டதால் அதற்கு இடம் விட்டிருந்தார். ஸ்டூல் போட்டு ஏறி எட்டிப் பார்த்தேன். உள்ளே டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"மேஸ்திரி, கதவு எங்கே?"

"நிலை வரலையேம்மா. வராதவனுக்காக வேலை நிக்கக் கூடாது."

"நீங்க எப்படி வெளிய வருவீங்க?"

இதை அவர் யோசித்திருக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. "உள்ள நின்னு கட்டினாத்தாம்மா உள்பக்கம் மட்டம் வரும். இப்ப உடைச்சா ஈரச் சுவர் மொத்தமா ஆடிடும். இறுகட்டும். எனக்கு உள்ளயே வேலை இருக்கு."

அன்று முதல் மேஸ்திரி எங்கள் பாத்ரூமில் குடித்தனம். ஜன்னல் வழியாக இட்லி போகும், காபி போகும், செய்தித்தாள் போகும். படித்துவிட்டு, "விளையாட்டுப் பக்கத்தைக் காணோமேம்மா" என்பார். அவர் மனைவி வந்து பார்த்தாள். அதிர்ச்சி அடைவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஸ்டூலில் ஏறி, "பீரோ சாவி உங்க பாக்கெட்ல இருக்கா?" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டாள். காலையில் எழுந்ததும் அவர் உள்ளேயிருந்து "வந்துட்டேம்மா" என்பதை மட்டும் நிறுத்தவில்லை.

இந்த நேரம் பார்த்து நாத்தனார் வந்து நின்றார். தம்பியை எங்கே கூட்டிப்போவது என்று தன் கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டுமாம்.

"பாத்ரூம் கட்டியாச்சாமே. எங்கே, பாக்கலாம்?"

சுவரைக் காட்டினேன். "இதுதான் அண்ணி."

"கதவு?"

சமாளிக்க ஏதாவது செய்யவேண்டுமே என்று சுவரைத் தட்டினேன்.

"ஆள் இருக்கு" என்றார் மேஸ்திரி. நல்லவேளையாகத் தண்ணீரையும் திறந்துவிட்டார்.

நாத்தனார் நாகரிகமானவர். பின்வாங்கி, சமையலறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். காபி குடித்தார். கொத்தமல்லி ஆய்ந்து கொடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "யாரது, இவ்வளவு நேரம்?" என்றார்.

"மேஸ்திரி அண்ணி. அவருக்கு வயிறு கொஞ்சம் சரியில்ல."

"எனக்கு வயிறு நல்லாத்தாம்மா இருக்கு" என்றது சுவர்.

அதே சமயம் வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. சாயங்காலம் வரவேண்டிய என் வீட்டுக்காரரை, கட்டில் தேவை என்று ஆஸ்பத்திரியில் மதியமே அனுப்பிவிட்டார்கள். நாத்தனார் எழுந்து முந்தானையை உதறிக்கொண்டார். "வண்டி நிக்கட்டும். தம்பி இறங்க வேணாம். கதவில்லாத பாத்ரூமை நம்பி ஒரு நோயாளியை விட்டுட்டுப் போக முடியாது. நேரா எங்க வீட்டுக்குப் போகட்டும்."

அவர் வாசலை நோக்கி நடந்தார். அப்போதுதான் உள்ளேயிருந்து மேஸ்திரி கேட்டார். "ஐயா வந்துட்டாரா?"

"வந்துட்டார் மேஸ்திரி. போகவும் போறார்."

அடுத்து நடந்ததை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். உள்ளே ஒரு பெருமூச்சு கேட்டது. கரண்டியின் பிடியால் ஒரே ஒரு தட்டு. அவ்வளவுதான், மந்திரம் போட்டது போலச் சுவர் நடுவில் விலகியது. சரியாகக் கதவின் அளவுக்கு, ஒரு செங்கல்கூட முனை உடையாமல், கற்கள் ஒவ்வொன்றாகக் கீழிறங்கி ஓரமாக அடுக்காக நின்றன. நடுவில் மேஸ்திரி கைகட்டி நின்று, "உள்ள வாங்கய்யா, தரை காஞ்சிருக்கு" என்றார்.

இதை எழுதிவிட்டு வழக்கம்போல என் வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"எல்லாம் சரி. சுவரை உடைச்சது மேஸ்திரி இல்ல. இடிக்கிற சத்தம் கேட்டு ஆம்புலன்ஸ்காரங்க என்னை நாற்காலியில வெச்சு உள்ள தள்ளிக்கிட்டு வந்தப்போ கடப்பாரை உன் கையில இருந்தது. தலையெல்லாம் சிமென்ட். அந்த மனுஷன் உள்ள மூலையில ஒண்டிக்கிட்டு, 'இடது பக்கமா இடிங்கம்மா, டைல்ஸ் போயிடும்'னு கெஞ்சிக்கிட்டிருந்தார். உன்னை அந்தக் கோலத்துல பாத்துட்டு அக்காதான் வண்டியிலேருந்து என் பையை எடுத்துட்டு வந்து உள்ள வெச்சா. அதையும் எழுது."