பாட்டில் இல்லாமல் அடித்த தேதி

இது நடந்த கதை. நம்பாதவர்கள் மெஷின் ரிப்பேர் பார்க்கிற பாலகோபாலையே கேட்டுக்கொள்ளலாம். சர்வீஸ் பில்லில் வேண்டுமானால் கூட்டிக் குறைத்து எழுதுவாரே தவிர, இந்த மாதிரி விஷயத்தில் புளுகுகிற ஆள் அல்ல.

1996. ஆயுத பூஜைக்கு மறுநாள். அவிநாசி பக்கம் ஒரு மருந்துக் கம்பெனி. டானிக் பாட்டில்களில் தேதியும் மணியும் அடிக்கும் இங்க்ஜெட் மெஷின் மக்கர் செய்ததால் பாலகோபாலைக் கூப்பிட்டிருந்தார்கள். அதை ஓட்டுகிற வரதராஜுலு, பூஜைக்குத் தோரணம் கட்ட ஏணியில் ஏறியவர், தவறி விழுந்துவிட்டார். மண்டையில் பலத்த அடி. கோவை ஆர்.எஸ்.புரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார்.

"மத்தியானம் லாரி வருதுங்க. எப்படியாச்சும் ஓட்டிப்போடுங்க," என்றார் முதலாளி பாலுசாமி.

"வரதராஜுலு எப்படிங்க இருக்கார்?"

"டாக்டர் வாயே தொறக்க மாட்டேங்கறாருங்க. போனுக்குத்தான் காத்துட்டிருக்கறேன்."

அவர் ஆபீஸ் ரூமுக்குப் போனார். பாலகோபால் மனசுக்குள் வேண்டிக்கொண்டார். தங்கமான மனுஷன், எப்படியாவது பிழைத்துவிட வேண்டும்.

மெஷினைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். பாட்டில் வருவதைப் பார்க்கிற போட்டோசெல் கண்ணின் மேலேயே சந்தனம் அப்பி, குங்குமம் வைத்திருந்தார்கள். அட ஆண்டவா! மெஷினுக்குப் பொட்டு வைக்கலாம், அதன் கண்ணிலா வைப்பது? துடைத்துவிட்டு சுவிட்சைப் போட்டார்.

இந்த மெஷினில் மை பொடித்துளிகளாக ஓயாமல் பாய்ந்துகொண்டே இருக்கும். கண் எதையாவது பார்த்தால்தான் கன்ட்ரோல் போர்டு துளிகளுக்கு மின்னூட்டம் ஏற்றும். அந்தத் துளிகளை மின்தகடுகள் வளைத்து எழுத்தாக விழவைக்கும். மற்ற துளிகள் டேங்குக்கே திரும்பிவிடும். ஆக, கண்ணுக்கு எதிரே ஒன்றும் இல்லாவிட்டால் எழுத்தும் இல்லை.

கன்வேயர் ஓடவில்லை. பாட்டில் ஒன்றுகூட இல்லை.

டிக்.

சிவப்பு லைட் மின்னியது. கண் எதையோ பார்த்துவிட்டது...

ஸ்ஸ்ஸ்.

மெஷின் அடித்தது.

வயர் லூஸாக இருக்கும் என்று நினைத்தார். எதிரே ஒரு வெள்ளை அட்டையை நிறுத்தினார். வெறுமனே அடித்தால் மை அதில் விழுந்தே ஆகவேண்டும்.

டிக்... ஸ்ஸ்ஸ்.

அட்டை வெள்ளையாகவே இருந்தது. தரையில் பார்த்தார். ஒரு சொட்டு மை இல்லை.

அப்படியானால் நடுவில் யாரோ அந்த மையை வாங்கிக்கொண்டார்கள்...

அவர் கைக்கெட்டும் தூரத்தில்.

"யா... யாருங்க?"

மெஷினின் திரையில் மணி 11.42.

ஆபீஸ் ரூமில் போன் அடித்தது. பாலுசாமி வெளியே வந்தார். முகம் செத்திருந்தது.

"போயிட்டாருங்க. கால் மணி நேரமாச்சாம்."

சாயங்காலம் துக்க வீட்டில், வரதராஜுலுவின் மனைவி ராமாமணி பாலகோபாலை உடலுக்குப் பக்கத்தில் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, தினமும் மொத பாட்டிலுக்கு முன்னாடி மெஷினுக்கு நேரா உள்ளங்கையக் காட்டி, தேதி சரியா உழுகுதான்னு பார்த்துக்குவாருங்க. அந்தக் கையோடதான் ஊட்டுக்கு வருவாரு. ஆஸ்பத்திரியில நர்ஸம்மா அந்த மையையும் சுத்தமாத் தொடைச்சுப்போட்டாங்க. உசுரு போறப்ப நான்தான் அந்தக் கையப் புடிச்சிருந்தேன். வெறுங்கை தம்பி..."

கணவரின் மூடியிருந்த விரல்களை விரித்துக் காட்டினார்.

இரண்டு வரி. இரண்டிலும் அன்றைய தேதி, மணி 11.42.

கண் இமைப்பதற்குள் காய்ந்துவிடும் மை அது.

பாலகோபால் தொட்டுப் பார்த்தார்.

விரலில் ஈரமாக ஒட்டியது...