சாயல்குடி பஸ்ஸில் ஒரு வாசகர்

நம் சிற்றிதழுக்கு லண்டன் வரை பேர் உண்டு. ஆனால் ஒரு வாசகரைக்கூட நேரில் பார்த்ததில்லை. அதனால் இந்த இதழோடு நிறுத்திவிடலாம் என்றிருந்தேன்.

இன்று சாயல்குடி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கையில் நம் இதழ்! நான் போட்ட சத்தத்தில் டிரைவர் பிரேக்கே போட்டுவிட்டார்.

"தம்பி, இது நான் நடத்துற பத்திரிகை. எந்தக் கதை பிடிச்சுச்சு?"

"இன்னும் பிரிக்கலண்ணே. பின்னட்டையில அட்ரஸ் இருக்குல்ல, அதுக்குத்தான் வாங்குனேன்."

"அட்ரஸ் எதுக்குப்பா?"

"கவிதை அனுப்பத்தான்." பையிலிருந்து ஒரு கத்தையை எடுத்து என் மடியில் வைத்தார். "நீங்களே வந்துட்டீக, நல்லதாப் போச்சு."

வீட்டில் ஏற்கெனவே மூன்று சாக்குக் கவிதை கிடக்கிறது. இனி இதழ் வராது.

யாராவது நிஜமாகவே படித்திருந்தால் கீழே ஒரு வரி எழுதுங்கள். அது கவிதையாக மட்டும் இருக்க வேண்டாம்.