சுடுவா, சுத்தா?

ஒன்று: தலையை எண்ணினேன், முகத்தைப் பார்க்கவில்லை

“முருகையா! ஓடுதாம்ல! சுடு! சுடுலே!”

என் காதில் இப்படித்தான் விழுந்தது. என் கையில் நானூற்றுப் பத்து மஸ்கட் துப்பாக்கி. எதிரே கொளுத்தும் வெயிலில் ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு ஓடுகிறான். அவன் பின்னால் தொப்பி பறக்க எங்கள் எஸ்.ஐ. ஐயா. பாரா மாறி நான் வாசலில் நின்று பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

எந்த ஸ்டேஷன் என்று எழுத மாட்டேன். எமர்ஜென்சி முடிந்து ஓரிரு வருஷம், சங்கரன்கோவில் வட்டாரம், அது போதும். இப்போது போலீஸ் வேலைக்கு வரும் தம்பிமார்கள், பாரா என்றால் துப்பாக்கியோடு வாசலில் நிற்பது என்று நினைக்கிறார்கள். நிற்பதைவிட எண்ணுவதுதான் பெரிய வேலை. முந்தின ஆள் ஒப்படைக்க ஒப்படைக்க நாம் எண்ணி வாங்க வேண்டும். அன்றைக்கு நானும் எண்ணினேன். விலங்கு நான்கு, தோட்டா ஐந்து ரவுண்டு, லாக்கப்பில் ஆள் இரண்டு.

“எல்லாம் சரியா இருக்கா வே?”

“சரியா இருக்கு.”

கையெழுத்துப் போட்டுவிட்டேன். உள்ளே இருந்தவர்களில் ஒருவன் கொலைக் கேஸ், முன்னூற்று இரண்டு. இன்னொருவன் கிணற்று மோட்டாரைப் பிரித்துச் செம்புக் கம்பியைத் திருடியவன், முன்னூற்று எழுபத்தொன்பது. இதையும் முந்தின ஆள் சொன்னார். ஆனால் எவன் எது என்று நான் கேட்கவில்லை! இரண்டும் கறுத்த முதுகு, இரண்டும் காக்கி டவுசர். தலையை எண்ணிவிட்டுத் திருப்தியாக நின்றேன். மடத்தனம், வேறென்ன சொல்ல?

கோர்ட்டுக்குக் கொண்டுபோக எஸ்.ஐ. ஒருவனை வெளியே எடுத்தார். விலங்கு மாட்டுவதற்குள் அவன் ரைட்டர் மேஜையைத் தள்ளிவிட்டு, பின்வாசல் வழியாகப் பாய்ந்து காம்பவுண்டுச் சுவரைத் தாண்டிவிட்டான். அந்தப் பக்கம் பருத்தி எடுத்து முடித்த கரிசல் காடு. ஒளிந்துகொள்ள ஒரு மரம் கிடையாது. ஸ்டேஷன் மேட்டில் இருந்தது, முன்வாசலும் பின்வாசலும் நேருக்கு நேர்; நான் நின்ற இடத்திலிருந்து குட்டைச் சுவருக்கு மேலே அவன் முழுசாகத் தெரிந்தான்.

இரண்டு: “ஐயா, என்ன கேஸ்?”

மஸ்கட்டைத் தோளில் ஏற்றினேன்.

“நில்லுலே! சுட்டிருவேன்!”

எங்கே நிற்க! வலது கையை வீசிக்கொண்டு ஓடுகிறான். இடது கை மட்டும் இடுப்பை விட்டு அசையவில்லை. கத்தி! ரைட்டர் மேஜையில் பென்சில் சீவ ஒரு கத்தி கிடக்கும், அதைத்தான் செருகியிருக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டேன். நாற்பது கஜம் இருக்கும். சுடும் பயிற்சியில், ரேஞ்சில், நான் மோசமில்லை. விரலை மடக்கினால் அவன் கதை முடிந்தது.

அந்த நேரத்தில் எனக்கு இரக்கம் வந்தது என்று எழுதினால் அது பொய். டிரெய்னிங்கில் வெயிலில் நிற்கவைத்து ஒப்பிக்கச் சொன்ன ஒரு வரிதான் ஞாபகம் வந்தது. குற்றவியல் நடைமுறைச் சட்டம், நாற்பத்தாறாவது பிரிவு. தூக்கோ ஆயுளோ கொடுக்கக்கூடிய குற்றம் இல்லையென்றால், பிடிக்கப் போகும்போது ஒருவன் உயிரைப் போக்க நமக்கு அதிகாரம் கிடையாது. முன்னூற்று இரண்டு என்றால் வேறு பேச்சு. முன்னூற்று எழுபத்தொன்பதுக்கு மிஞ்சிப்போனால் மூன்று வருஷம்! ஓடுவது எது?

தொண்டை கிழியக் கத்தினேன். “ஐயா, என்ன கேஸ்?”

சுவரில் ஏறிக்கொண்டிருந்த எஸ்.ஐ. அப்படியே திரும்பினார். “என்னதுலே?”

“ஓடுதவன் என்ன கேஸ் ஐயா? முன்னூத்தி ரெண்டா, முன்னூத்தி எழுவத்தொம்பதா?”

சுவர்மேல் உட்கார்ந்தபடியே ஒரு கணம் விழித்தார். “ஏ கூறுகெட்ட பயலே! செம்புக் கம்பிலே!”

மஸ்கட்டை இறக்கிவிட்டேன். மாடசாமி, அதுதான் அவன் பெயர், காட்டைக் கடந்து போயே போய்விட்டான்.

மூன்று: ஸ்டேஷனில் பட்டிமன்றம்

இரண்டு பேரை மோட்டார் சைக்கிளில் தேட அனுப்பிவிட்டு மிச்சப் பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். முதலில் ஏட்டையா.

“இடுப்புல கத்தியோட ஓடுதான்! போற வழியில எவனையும் குத்திப்போட்டா யாரு பதில் சொல்ல? கால்லயாவது சுட்டிருக்கணும்வே.”

ரைட்டர் விடவில்லை. “காலுக்குப் போன்னு சொன்னா குண்டு காலுக்குப் போயிருமாக்கும்! செம்புக் கம்பிக்கு ஒரு உசிரா ஏட்டையா?”

“ஆர்டர்னா ஆர்டர்தான். சட்டம் பேசவா இவனுக்குச் சம்பளம்?”

எனக்கும் சூடு ஏறிவிட்டது. “அவன் செத்திருந்தா கூண்டுல ஆர்டரா ஏறும்? நான்தான் ஏறணும்!”

அப்போது காட்டில் ஓடித் தேடிவிட்டு வியர்த்து வடிய எஸ்.ஐ. உள்ளே வந்தார். “யாருலே ஒன்னயச் சுடச் சொன்னது? நான் ‘சுத்து’ன்னுல்லா சொன்னேன்! சுவரச் சுத்திப் போயி அங்கன மறிலேன்னேன்!”

ஓடிக்கொண்டே கத்தினால் ‘சுத்து’ம் ‘சுடு’வும் ஒன்றுபோலத்தானே கேட்கும்? என் பாழாய்ப்போன காதை நம்பி ஒருவனைக் கொன்றிருப்பேனே!

“ரைட்டர், இவனுக்கு மெமோ எழுதும். உத்தரவ மீறி ஆளத் தப்ப விட்டான்னு.”

எனக்கு அது இரண்டாவது வருஷம், புரொபேஷன்கூட முடியவில்லை. மெமோ மேலே போனால் நேரே வீட்டுக்குத்தான். ரைட்டர் நிதானமாகக் கார்பன் வைத்துப் பேனாவைத் திறந்தார்.

“ஐயா, என்ன உத்தரவுன்னு எழுதட்டும்? ‘சுடு’ன்னு எழுதினா, திருட்டுக் கேஸுக்கு எதுக்குச் சுடச் சொன்னீங்கன்னு டி.எஸ்.பி. கேப்பாவ. ‘சுத்து’ன்னு எழுதினா, லாக்கப்புல கொலைக் கேஸ வச்சுக்கிட்டு பாராவ எதுக்கு வெளிய அனுப்பினீங்கன்னு கேப்பாவ. எது எழுத?”

எஸ்.ஐ. வெற்றுத் தாளைத் தன் பக்கம் இழுத்து, திரும்பத் தள்ளிவிட்டார்.

அதற்குள் வாசலில் சத்தம். கரிவலம்வந்தநல்லூர் பஸ் நிறுத்தத்தில் மாடசாமியைப் பிடித்துக் கொண்டுவந்துவிட்டார்கள். இப்போதும் இடது கை இடுப்பிலேயே இருந்தது.

“கத்திய எடுலே!” என்று ஏட்டையா லத்தியை ஓங்கினார்.

“கத்தியா? கைய எடுத்தா மானம் போயிரும் ஏட்டையா! நேத்து நீங்கதான அரணாக்கயித்த அறுத்தீங்க? டவுசர் எதுல நிக்கும்?”

லாக்கப்பில் போடும்போது அரைஞாண் கயிற்றை அறுத்துவிடுவோம், தூக்குப் போட்டுக்கொள்வான் என்ற பயம். நானே எத்தனையோ பேருக்கு அறுத்திருக்கிறேன். ஸ்டேஷனே சிரித்தது, மாடசாமியும் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பின்பக்கம் போய் வாளித் தண்ணீரை மொண்டு மொண்டு முகத்தில் அடித்துக்கொண்டேன். அவிழும் டவுசரைப் பிடித்துக்கொண்டு ஓடியவனை அல்லவா குறி பார்த்திருக்கிறேன்!

திரும்பி வந்தபோது எஸ்.ஐ. அந்தத் தாளைக் கார்பனோடு உருவி மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு மெமோ பேச்சே இல்லை. எனக்கு மட்டும் ‘என்ன கேஸ் முருகையா’ என்ற பெயர் நிலைத்துவிட்டது.

நான்கு: ராஜபாளையம் பஸ்

இரண்டு வருஷம் கழித்து எஸ்.ஐ.க்கு மாறுதல் வந்தது. அவர் டிரங்குப் பெட்டியை பஸ்ஸில் ஏற்றிவிட்டு நான் சல்யூட் அடித்தேன். அவர் ஏறாமல் படிக்கட்டுப் பக்கம் நின்றார்.

“முருகையா, அன்னைக்கு ஒன் காதுல என்னலே கேட்டுச்சு?”

“சுடுன்னு கேட்டுது ஐயா. என் காதுதான் கோளாறு.”

“ஒன் காதுல ஒரு கோளாறும் இல்ல. நான் சுடுன்னுதான் சொன்னேன்.”

ஏற வந்த ஒரு கிழவிக்கு வழிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

“என் கைய விட்டு ஓடுதானேன்னு ஆத்திரம்லே. அவன் யாரு, என்ன கேஸு, ஒண்ணுமே மண்டையில இல்ல. நீ கேட்டப்பெறவுதான் செம்புக் கம்பிங்கதே எனக்கு ஞாவகம் வந்துது.”

கண்டக்டர் விசில் அடித்தார். எஸ்.ஐ. என் தோளை ஒரு அழுத்து அழுத்திவிட்டு ஏறிக்கொண்டார். சட்டம் படித்த மனுஷன், நல்ல மனுஷனும்கூட. அவருக்கே அந்த ஓட்டத்தில் எல்லாம் மறந்துபோயிருக்கிறது!

அன்றிலிருந்து ரிட்டயர் ஆகும்வரை, பாரா எடுக்கும்போது ஒவ்வொருத்தன் முகத்தையும் பார்த்து, பெயரும் கேஸும் கேட்காமல் நான் கையெழுத்துப் போட்டதில்லை. தம்பிமார்களே, எவன் ஓடினாலும், எவர் கத்தினாலும், விரலை மடக்கும் முன்னால் என்ன கேஸ் என்று உரக்கக் கேளுங்கள். கேட்டால் மெமோ வரும். வரட்டுமே, மெமோவுக்குப் பதில் எழுதிவிடலாம்.